ஒரு கட்டை கீழே

“இந்தச் சனியன எப்படியாவது அழிச்சுக் குடுங்க மச்சான்.”

சொல்லிவிட்டு சேவுகப்பெருமாள் தன் செல்போனைக் கண்ணாடி மேஜைமேல் வைத்தார். வைத்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. எறிந்தார்.

காரைக்குடி பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்து. அந்தச் சந்தில் அன்வர் சாதிக்கின் செல்போன் ரிப்பேர் கடை. காலை பதினொரு மணிக்கு அவர் யாருடைய போனையோ வயிற்றைத் திறந்து போட்டுக்கொண்டு, கடுகைவிடச் சின்னதான ஒரு திருகாணியைத் தேடிக்கொண்டிருந்தார். ஐம்பத்திரண்டு வயதுக் கண்ணுக்குத் திருகாணி அகப்படவில்லை. மாப்பிள்ளைதான் அகப்பட்டார்.

“என்ன மாப்ள, ஹேங் ஆகுதா?”

“போன் நல்லாத்தான் இருக்கு. உங்க மருமக பண்ணி வச்சிருக்கிற காரியந்தான் நல்லால்ல. நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க.”

சேவுகப்பெருமாள் புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் சூப்பர்வைசர். அவருடைய காலர் மடிப்பில் எந்த நேரமும் ஒரு சிட்டிகை தவிடு இருக்கும். முன்பெல்லாம் அதைத் தட்டிவிட வீட்டில் ஆள் இருந்தது. மனைவி சத்தியப்பிரியா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அன்வருக்கும் அவளுக்கும் ரத்த சம்பந்தம் கிடையாது, மதமும் வேறு. ஆனாலும் அவள் அன்வரை அண்ணன் என்று கூப்பிட்ட ஒரே காரணத்துக்காக, இவர் அவருக்கு மாப்பிள்ளை, அவர் இவருக்கு மச்சான்.

விரல் பட்டதும் போன் முழங்கியது. முதலில் டிரம்ஸ், மேஜைக் கண்ணாடி அதிரும்படி. அதன்மேல் ஒரு இளம்பெண் மூச்சு விடாமல் தாளத்தில் பேசினாள். அது சௌபர்ணிகா, சேவுகப்பெருமாளின் ஒரே மகள். பேசிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். டிரம்ஸும் நின்றது. அந்த மௌனத்துக்குள் இன்னொரு பெண்குரல் வந்தது.

‘வெயிலு சாஞ்சும் வாசச்சூடு ஆறலையே...’

“பாத்தீகளா?” என்றார் சேவுகப்பெருமாள். “சத்தியா கொரலு எப்படி இருக்கும்? நெறஞ்ச கொடத்தத் தூக்கி எறக்குனாப்புல இருக்கும். இது மரத்துல அணிப்புள்ள கத்துற மாதிரி இருக்கு. பெத்த தாயி கொரல நசுக்கி வச்சிருக்கா. கேட்டா ரீமிக்ஸாம். ஒரிஜினலத் தூக்கிச் சாப்புட்டுருச்சுன்னு நெட்டுல பாட்டுக்குக் கீழ எழுதுறானுக.”

அன்வர் சாதிக்கின் கையிலிருந்த திருப்புளி அந்தரத்தில் நின்றிருந்தது.

அந்தப் பாட்டை மாவட்டமே அறியும். தொண்ணூற்றெட்டில் அவரே பதிந்து, அவரே வெளியிட்ட கேசட். சிங்கம்புணரியில் ஆரம்பித்து மினி பஸ், டீக்கடை, சடங்கு வீடு என்று ஒன்று பாக்கியில்லாமல் ஓடியது. ஊர் கேட்டுக் கிறங்கியது அந்தக் கனத்த குரலை.

ஆனால் போனில் இப்போது வந்த மெல்லிய குரலையும் அன்வர் சாதிக்குக்குத் தெரியும். இருபத்தேழு வருடங்களுக்கு முன் ஒரு மே மாத மத்தியானம், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று பாடிய பத்தொன்பது வயதுப் பெண்ணிடம் நேரில் கேட்டிருக்கிறார்.

இதுதான் அவள் குரல். கேசட்டில் இருந்தது பொய். அந்தப் பொய்யைச் சொன்னது அவரேதான்.

“என்ன மச்சான், பேச்சக் காணோம்?”

“கேட்டேன் மாப்ள.”

“மெட்ராஸ்ல ஏதோ ஒரு மியூசிக் கம்பெனி இத வாங்கி வெளியிடப் போறாகளாம். பழைய பாட்டுக்கு உரிமை உங்க பேர்ல இருக்காமே. நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்தாத்தான் நடக்குமாம். வெள்ளிக்கிழமைக்குள்ள வேணுமாம். போடாதீக. இதச் சொல்லத்தான் மில்லுல லீவு சொல்லிட்டு வந்தேன்.”

“புள்ள ஆசப்படுது...”

“எனக்குன்னு மிஞ்சியிருக்கிறது அந்தக் கொரலு ஒண்ணுதான்.” சேவுகப்பெருமாள் குரலைத் தாழ்த்தினார். “மலேசியாவுல ரூமுக்குப் பன்னெண்டு பேரு. ஊருக்குப் போயிட்டு வந்த ஒருத்தன் உங்க கேசட்டக் கொண்டாந்தான். அதக் கேட்டுட்டுத்தான் கெளம்பி வந்து பொண்ணு கேட்டேன். கட்டுனவ எனக்கு ஒரு வரி பாடுனதில்ல மச்சான். இருபத்திநாலு வருசத்துல ஒரு வரி. கேட்டாத் தொண்ட சரியில்லம்பா. கட்டாயப்படுத்துனா எந்திரிச்சுப் போயிருவா. என்னையப் புடிக்கலையோ என்னமோன்னு நெனச்சுக்குவேன். யாருகிட்டச் சொல்ல? சரி, கேசட்டாவது இருக்கேன்னு ஓட்டிட்டேன்.”

போனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

அவர் போன பிறகும் அன்வர் சாதிக் அப்படியே உட்கார்ந்திருந்தார். எதிர்க்கடை முத்துராமன் டீ டம்ளரோடு உள்ளே வந்தபோதும் நிமிரவில்லை. முத்துராமனுக்கு டீக்கடை ஒரு சாக்கு. முழுநேரத் தொழில் அபிப்பிராயம் சொல்வது.

“அந்த ரீமிக்ஸுதான பாய்? நானும் கேட்டேன். நம்ம கடையில காலையில அதுக்கு ஒரு பட்டிமன்றமே நடந்துச்சு. காலேஜ் பயலுக எல்லாம் புதுசுதான் டாப்புங்கிறானுக. மீசை நரைச்சவன் எல்லாம் பழசு மாதிரி வருமாங்கிறான். தலைவரு யாரு? நாந்தான்.”

“என்ன தீர்ப்புச் சொன்ன?”

“பழச மிஞ்ச முடியாதுன்னேன். பழச எவனும் புதுசாக் கேக்குறதில்ல பாய். அதக் கேட்டப்ப பக்கத்துல யாரு இருந்தா, என்ன வயசு, அதெல்லாஞ் சேத்துத்தான் கேக்குறான். அம்புட்டையும் ஒரு ரீமிக்ஸு ஜெயிக்க முடியுமா?” முத்துராமன் டம்ளரைத் துடைத்தபடி கொஞ்சம் யோசித்தான். “ஆனா ஒண்ணு. புதுசுல அந்தப் பொம்பள கொரலு நின்னு வருது பாருங்க, அந்த எடத்துல எனக்கு என்னமோ பண்ணிருச்சு. பழசுல அப்படிப் பண்ணல. இத வெளிய சொல்லிராதீக, தலைவர் பதவி போயிரும்.”

அன்வர் சாதிக் டீயைக் குடிக்கவில்லை. அது ஆறி, ஏடு கட்டி, ஈ விழுந்தது.

மறுநாள் மத்தியானம் சௌபர்ணிகா வந்தாள். கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஆபீஸில் வேலை. ஹெல்மெட்டைக் கழற்றிய வேகத்தில் பேச்சையும் ஆரம்பித்தாள்.

“அப்பா வந்துட்டுப் போனாரா மாமா? என்ன சொன்னாரு? அணிப்புள்ளயா, எலியா? வீட்டுல எலின்னாரு.”

“அணிப்புள்ள.”

“பரவால்ல, புரமோஷன்.” சிரித்தவள் பையிலிருந்து கம்பெனியின் தாளை எடுத்து மேஜையில் வைத்தாள். “நீங்க போட்டாப் போடுங்க, போடாட்டி விடுங்க. அப்பாவ எதுத்துக்கிட்டுப் போடச் சொல்ல மாட்டேன். அதுக்கு முன்ன உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.”

“கேளு.”

“எல்லாரும் எங்கிட்ட என்ன கேக்குறாக தெரியுமா? ஒரிஜினலத் தாண்டிட்டோம்னு நெனைக்கிறியான்னு. எனக்கு எங்கம்மாவத் தாண்டி எங்க போகணும் மாமா? அவக கூட ஒரு பாட்டுப் பாடணும், அம்புட்டுத்தான். உசுரோட இருக்கையில விடல. சரி, இப்பவாவதுன்னு உக்காந்தேன். கேசட்டக் கம்ப்யூட்டர்ல ஏத்தி, எம்பாட்டையும் பக்கத்துல வச்சேன். ஒட்டவே இல்ல. அந்தக் கொரலு எனக்கு யாரோ மாதிரி இருந்துச்சு. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். அப்பா அந்தக் கேசட்டப் போட்டா நான் எந்திரிச்சு வெளிய போயிருவேன்.”

அன்வர் சாதிக் திருப்புளியைக் கீழே வைத்தார்.

“அப்பறந்தான் ஒண்ணு தோணுச்சு. நான் ஹாஸ்டல்ல இருந்தப்ப அம்மா வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாகல்ல? ‘ஏ சௌபி, சாப்புட்டியா, துணி நனைச்சியா’ன்னு. நூத்துக்கணக்குல வச்சிருக்கேன். அதுல ஒண்ணப் போட்டுக்கிட்டே, கேசட்டு வேகத்தக் கொஞ்சங்கொஞ்சமா ஏத்துனேன். பத்து சதவீதத்துக்கிட்ட வந்ததும் ஒடம்பு சிலுத்துப் போச்சு மாமா. ரெண்டும் ஒரே ஆளு. மூச்செடுக்கிறது, ‘ழ’வச் சொல்றது, எல்லாமே. அங்கனயே நிறுத்திட்டேன்.” அவள் முன்னால் குனிந்தாள். “நீங்கதான ரெக்கார்டு பண்ணுனீக. ஏன் பத்து சதவீதம்?”

உண்மை தொண்டை வரைக்கும் வந்தது. வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

“பழைய கேசட்டும்மா. நாடா இழுபட்டிருக்கும்.”

“நாலு வீட்டுலேர்ந்து நாலு கேசட் வாங்கிப் பாத்துட்டேன். நாலும் ஒண்ணு போலயா இழுபடும்?”

“வெயிலு அப்படி.”

சௌபர்ணிகா அவரையே பார்த்தாள். பிறகு ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டாள். தாளை எடுக்கவில்லை.

தாய்க்கு ஒரு தடவை, இல்லை, இரண்டு தடவை சொன்ன பொய். இன்றைக்கு மகளுக்கும் ஆயிற்று.

நடந்தது இதுதான்.

தொண்ணூற்றெட்டில் இதே சந்தில், இதே கடை, ரெக்கார்டிங் சென்டராக இருந்தது. சினிமாப் பாட்டு லிஸ்ட் கொடுத்தால் கேசட்டில் பதிந்து கொடுப்பார். உள்ளே ஒரு அறையில் சுவரெல்லாம் சாக்கும் மெத்தையும் அடித்து ஸ்டூடியோ என்று பெயர் வைத்திருந்தார். இன்னிசைக் குழு நடத்திய ஞானசம்பந்தம் தன் சொந்தப் பாட்டுகளோடு, சிங்கம்புணரிப் பக்கத்துப் பெண் ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார். சத்தியப்பிரியா. பள்ளிக்கூட ஆண்டு விழாவைத் தவிர வேறு மேடை தெரியாது. பாடினாள். பாட்டு முடிந்ததும் ஞானசம்பந்தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மெல்லிய குரல்தான். ஆனால் உச்சிக்குப் போனால் அங்கேயே நின்று விளையாடும். டேக்குக்கும் டேக்குக்கும் நடுவில் அவள் சிரித்ததும், “தண்ணி குடுங்கண்ணே” என்றதும்கூட மாஸ்டர் டேப்பில் பதிந்தன.

சிங்கம்புணரித் திருவிழாவுக்கு ஐந்நூறு கேசட் வேண்டும். மாஸ்டர் ஒரு டேப் டெக்கில் ஓட, நான்கு டெக்குகளில் நகல் பதியும். பதியும்போது யாரும் சத்தம் வைத்துக் கேட்க மாட்டார்கள். நாளெல்லாம் ஒரே பாட்டைக் கேட்டால் பைத்தியம் பிடித்துவிடும். ஒலி அளவு காட்டும் முள் ஆடுகிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். மூன்று நாளும் முள் நன்றாகவே ஆடியது. மாஸ்டர் ஓடிய டெக்கின் ரப்பர் பெல்ட் அந்த வெக்கையில் தொய்ந்து, நாடா மெதுவாக ஓடியதை முள் சொல்லாது.

கடைசிக் கேசட்டை உறைபோடும்போதுதான் வேறொரு டெக்கில் போட்டுப் பார்த்தார். பாட்டு எருமை மாதிரி நடந்தது. சுருதி ஏறக்குறைய ஒரு கட்டை கீழே. பத்தொன்பது வயதுப் பெண்ணின் குரல் முப்பத்தைந்து வயதுக்காரியின் குரலாக இறங்கியிருந்தது.

மறுநாள் காலை திருவிழா. வெற்றுக் கேசட் ஒன்றுகூட மிச்சமில்லை. ஞானசம்பந்தத்திடம் போய்ச் சொன்னார். அவர் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, “ஒரு மாதிரித்தான் இருக்கு. ஆனா இந்தக் கனம் நல்லாருக்கேப்பா. விடு, போகட்டும்” என்றார். போயிற்று. மூன்றே வாரத்தில் கேசட் தீர்ந்து, அதையே மாஸ்டராக வைத்து இன்னும் ஆயிரம் பதிந்தார்கள். அந்தக் கனமான குரலுக்குத்தான் ஊர் மயங்கியது. இனி எதை வைத்துத் திருத்துவது?

சத்தியப்பிரியா கடைக்கு வந்தாள். “அண்ணே, இது நான் இல்லண்ணே.”

“யாருக்கும் அவுக கொரலு கேசட்டுல கேட்டா அப்படித்தாம்மா இருக்கும்” என்றார். அதுவும் உலகத்தில் எல்லோருக்கும் பொருந்துகிற உண்மை. அதனால்தான் அது அவ்வளவு நல்ல பொய்யாக அமைந்தது.

அடுத்த மாதம் சிங்கம்புணரியில் கச்சேரி. கேசட்டில் பாடிய பெண் நேரில் பாடுகிறாள் என்று ஊரே திரண்டது. ஞானசம்பந்தம் கேசட் சுருதிக்கே இறக்கி வாசித்தார். அவளால் அந்தப் பள்ளத்துக்கு இறங்க முடியவில்லை. குரல் காற்றாகப் போனது. சுருதியை ஏற்றி வாசித்தார். பாடினாள், அழகாகத்தான் பாடினாள். ஆனால் அது கேசட் மாதிரி இல்லை. பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான்: “இந்தப் புள்ள வேணாம், கேசட்டப் போடுங்கப்பா.” எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் நிஜமாகவே கேசட்டைப் போட்டார்கள். அவள் மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்க, ஒலிபெருக்கியில் கேசட் பாடியது. ஊர் கைதட்டியது.

அதற்குப் பிறகு அவள் பாடவில்லை.

கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தபோது ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “அண்ணே, நெசமாச் சொல்லுங்க. அன்னைக்கு மிஷின்ல எதுவும் கோளாறு இருந்துச்சா?”

“இல்லம்மா” என்றார் அன்வர் சாதிக்.

புதன்கிழமை மத்தியானச் சாப்பாட்டில், அவர் மனைவி நஸ்ரின் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டாள்: “ரெண்டு நாளா மீன் கொழம்ப ரசம்னு நெனச்சு சாப்புடுறீக. என்ன விசயம்?”

இருபத்தேழு வருடத்தில் முதல் தடவையாக மனைவியிடம் சொன்னார். நஸ்ரின் வெகுநேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

“சொல்லாதீக” என்றாள் கடைசியில். “அந்தப் புள்ள போய்ச் சேந்துருச்சு. அல்லாஹ் அதுக்கு நெழலக் குடுக்கட்டும். இருக்கிற மனுசன் ஒரு கேசட்ட வச்சுக் காலத்த ஓட்டுறாரு. அதையும் புடுங்கிட்டு வரப் போறீகளா?”

“என்னையப் புடிக்கலையோன்னு நெனச்சேங்கிறாரு நஸ்ரின். இம்புட்டு வருசமா அப்படி நெனச்சுக்கிட்டுருக்காரு.”

நஸ்ரின் எழுந்து போய்க் கை கழுவினாள்.

வியாழக்கிழமை. கம்பெனியின் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு புதுவயல் பஸ் ஏறினார். நெல் லாரிகள் வரிசையாக நின்று வழியை அடைத்ததில் பத்து நிமிடத் தூரம் அரை மணி ஆனது. இறங்கி விடலாமா என்று மூன்று தடவை யோசித்தார். மூன்றாவது தடவை எழுந்தேவிட்டார். கண்டக்டர், “உக்காருங்க பாய், இன்னும் வரல” என்றார். உட்கார்ந்தார்.

சேவுகப்பெருமாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தார். சௌபர்ணிகா பரிமாறிக்கொண்டிருந்தாள். அப்பாவும் மகளும் பேசிக்கொள்வதில்லை என்பது, ரசம் வேண்டுமா என்பதை அவள் கரண்டியால் கேட்டதில் தெரிந்தது.

“வாங்க மச்சான். எல போடவா? இந்தா சௌபி, மாமாவுக்கு...”

“வேணாம் மாப்ள. நீங்க சாப்புட்டு முடிங்க. ரெண்டு பேருகிட்டயும் ஒரு விசயம் சொல்லணும்.”

“அவளுக்குப் பரிஞ்சு பேசுற விசயம்னா, இப்பவே...”

“சாப்புட்டு முடிங்க.”

அந்தக் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். சேவுகப்பெருமாள் மேற்கொண்டு பேசாமல் மோருக்கு வந்து எழுந்தார்.

அன்வர் சாதிக் நின்றுகொண்டே சொன்னார். பெல்ட், ஐந்நூறு கேசட், ஞானசம்பந்தம், கச்சேரி. ‘கேசட்டப் போடுங்கப்பா’ என்று கத்தியது, அவள் மைக்கோடு நின்றது. கடைசியாகக் கல்யாணப் பத்திரிகையோடு வந்து கேட்டதும், இவர் இல்லை என்றதும். எதையும் விடவில்லை. சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இவ்வளவு சின்ன விஷயமா என்று அவருக்கே அதிசயமாக இருந்தது.

சௌபர்ணிகா சுவரில் சாய்ந்து, அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தாள். சேவுகப்பெருமாள் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கை காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அவளுக்குத் தெரியுமா?”

“தெரியாது மாப்ள.”

“கடைசி வரைக்குமா?”

“கடைசி வரைக்கும். தன் கொரலுதான் சரியில்லன்னு நெனச்சுக்கிட்டா.”

“அப்ப நான் பாடச் சொன்னப்பல்லாம்...” சேவுகப்பெருமாள் நிறுத்தினார். மறுபடி தொடங்கினார். “‘நீங்க கேட்டு வந்த கொரலு எங்கிட்ட இல்ல’ன்னு அவ எப்படிச் சொல்லுவா? சொல்ல முடியுமா?”

சேவுகப்பெருமாள் துண்டைத் தோளில் போட்டார்.

“மதுர ஆஸ்பத்திரியில கடைசி நாளு” என்றார் அவர். அவர் யாரையும் பார்த்துப் பேசவில்லை. “அன்னைக்குக் கொஞ்சம் தெளிவா இருந்தா. நான் போயி, சத்தியா, இப்பவாச்சும் ஒரு வரி பாடுறியான்னு கேட்டேன். ஒரே ஒரு வரின்னேன். அவ மூஞ்சியச் செவுத்துப் பக்கம் திருப்பிக்கிட்டா. எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துருச்சு. சாகப்போற நேரத்துலயும் உனக்கு இம்புட்டு வீம்பான்னு கேட்டுட்டேன். கேட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டேன். வேணும்னே ரெண்டு டீ குடிச்சேன். திரும்பி வந்து பாத்தா...”

சௌபர்ணிகா நிமிர்ந்து பார்த்தாள். இது அவளுக்கும் தெரியாத விஷயம்.

“அதப் போடு” என்றார் சேவுகப்பெருமாள்.

“எத?”

“உம் பாட்ட.”

அவள் எழுந்து, போனைச் சின்ன ஸ்பீக்கரோடு இணைத்தாள். டிரம்ஸ் கிளம்பியது. அவளுடைய குரல் தாளத்தின்மேல் ஏறி நடந்தது:

‘குக்கரு விசில்தான் எங்க வீட்டுப் பாட்டு,
கொரவளைக்கு யாரும்மா போட்டு வச்ச பூட்டு,
பாடாத வருசத்த எங்கிட்டக் குடுத்துரு,
நீ விட்ட எடத்துல நான் தொட்டுக்கிறேன் விட்டுரு.’

சேவுகப்பெருமாள் ஒவ்வொரு அடிக்கும் முகத்தைச் சுளித்தார். ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை. பிறகு டிரம்ஸ் நின்றது. சத்தியப்பிரியா, அவளுடைய சொந்தக் குரலில், முதல் வரியை எடுத்தாள்.

“ம்ம்” என்றார் சேவுகப்பெருமாள்.

முன்பு மனைவி அடுப்படியிலிருந்து கூப்பிட்டால், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்கிற அந்த “ம்ம்”. தான் சொன்னதே அவருக்குத் தெரியவில்லை. மகளுக்குத் தெரிந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பாட்டு முடிந்தது. “திரும்பப் போடு” என்றார். முடிந்தது. “திரும்ப.”

மூன்றாவது தடவைக்குப் பிறகு அன்வர் சாதிக்கைப் பார்த்தார்.

“மலேசியாவுல நான் கேட்டது யாரு?”

சேவுகப்பெருமாள் ஸ்பீக்கரைக் கையால் காட்டினார்.

“இவதான் எங்கூட இருந்தவ. இந்தக் கொரலுலதான் சண்ட போட்டா, சோறு போட்டா. இவ பாடினா எப்படி இருக்கும்னு தெரியாமயே இருந்துட்டேன். இல்லாத ஒருத்திய இவகிட்டக் கேட்டுக் கேட்டு... அந்தத் தாளு இருக்கா பாய்?”

மச்சான் இல்லை. பாய். இருபத்தாறு வருட முறை அந்த ஒரு சொல்லோடு அறுந்தது. அன்வர் சாதிக் அதைக் கேட்டுக்கொண்டார். தாளை விரித்து, தரையிலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார். பேனா இரண்டு இடத்தில் தாளைக் கிழித்தது.

“வெளியில வரட்டும்” என்றார் சேவுகப்பெருமாள். “ஊருக்குத் தெரியட்டும். அன்னைக்குச் சிரிச்சவன்ல எவனாச்சும் உசுரோட இருந்தாக் கேக்கட்டும். நீங்க போங்க. இனிமே இங்குட்டு வராதீக.”

“மாப்ள, மன்னிச்சி...”

“போங்க பாய். நான் ஒண்ணும் பேசிறக் கூடாதுன்னு பாக்குறேன். போயிருங்க.”

அன்வர் சாதிக் வாசலுக்கு வந்து செருப்பைத் தேடினார். காலுக்கு நேரே கிடந்த செருப்பு கண்ணில் பட நேரமாயிற்று. ஆலையின் சங்கு ஊதியது. உள்ளே சேவுகப்பெருமாள் வேலைக்குக் கிளம்புகிற சத்தம் எதுவும் கேட்கவில்லை.

தெருமுனை வரை போன பிறகு பின்னால் காலடி கேட்டது. சௌபர்ணிகா செருப்பில்லாமல், அந்தச் சுடுகிற மண்ணில் ஓடி வந்திருந்தாள். திட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்தார். திட்டினால் நல்லது என்றும் நினைத்தார்.

“மாமா, அந்த மாஸ்டர் டேப்பு உங்ககிட்ட இருக்குமில்ல?” அவள் கண்கள் அழுது சிவந்திருந்தாலும், அதற்குள்ளே ஒரு வெளிச்சம் இருந்தது. “நான் கம்ப்யூட்டர்ல ஏத்துனது என்ன இருந்தாலும் கேசட்டு நகல்தான். இரைச்சல். மாஸ்டர் கெடச்சா சுத்தமா எடுத்துரலாம். டிரம்ஸு, நானு, எதுவுமே வேணாம். அம்மா மட்டும். நடுவுல சிரிச்சாக, தண்ணி கேட்டாகன்னு சொன்னீகள்ல, அதையும் எடுத்து அப்பாகிட்டக் குடுத்துருவேன். பத்தொம்பது வயசு அம்மாவ நானும் கேட்டதில்ல.”

அன்வர் சாதிக் வெயிலைப் பார்த்தார். ஒரு நெல் லாரி அவர்களைக் கடந்து போகும் வரை காத்திருந்தார். அந்தச் சத்தத்தில் சொன்னால் மறுபடி சொல்ல வேண்டியிருக்கும். இதை ஒரு தடவைதான் சொல்ல முடியும்.

“இல்லம்மா. அவ பத்திரிக வச்சுட்டுப் போன அன்னைக்கே அது மேல வேற பாட்டப் பதிஞ்சுட்டேன்.”

“ஏன்?”

“யாரும் கண்டுபுடிச்சுரக் கூடாதுன்னு.”

அவள் கால் சுட்டிருக்க வேண்டும். மாற்றி மாற்றி வைத்தாள்.

“எந்தப் பாட்ட?” என்று கேட்டாள்.

அன்வர் சாதிக் யோசித்தார். அன்றைக்கு யாரோ லிஸ்ட் கொடுத்திருந்தார்கள். கல்யாண வீட்டுக்கா, காரில் போட்டுக் கேட்கவா? ஆறு பாட்டோ, எட்டோ. பட்டனை அழுத்திய விரல் ஞாபகம் இருந்தது. முள் ஆடியது ஞாபகம் இருந்தது.

“தெரியலம்மா” என்றார்.

சௌபர்ணிகா தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குத் திரும்பி நடந்தாள். காரைக்குடி பஸ் வந்து நின்றது. படியில் கால் வைத்த பிறகும், பஸ் நகர்ந்த பிறகும், ஒரு பாட்டின் முதல் வரியாவது நினைவுக்கு வராதா என்று அவர் முயன்றுகொண்டே இருந்தார்.